கருத்து எடுக்க வந்திருக்கிறார்கள்

பிரித்தானியாவில் அவ்வப்போது ஒரு கருத்துக்கணிப்பு நடக்கும். கோப்பையில் முதலில் விழ வேண்டியது பாலா, தேநீரா? விளையாட்டில்லை. தேர்தலுக்குக் கணிப்பு எடுக்கும் பெரிய நிறுவனங்கள்தான் இதையும் எடுக்கின்றன. இளையவர் என்ன சொன்னார், முதியவர் என்ன சொன்னார் என்று பிரித்து, வட்டப்படம் கீறி, பத்திரிகைக்குக் கொடுப்பார்கள். நாடே இரண்டு நாள் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும்.

அந்தக் கோப்பைக்குள் விழும் தூளுக்குக் கொழுந்து பறிக்கும் லிந்துலைப் பெண்ணிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை என்று இந்த இடத்தில் எழுதினால் கட்டுரை சோகமாக, அழகாக நகரும். உண்மை அதைவிடக் கேவலம். அவளிடமும் கேட்கிறார்கள். ஓயாமல் கேட்கிறார்கள்.

தலவாக்கலையிலிருந்து நுவரெலியா போகும் வீதியில் ஒரு வெள்ளை டபள் கெப் வேகத்தைக் குறைத்துத் தோட்டப் பாதைக்குள் திரும்பினால் லயத்துப் பிள்ளைகளுக்கே விஷயம் தெரியும். கருத்து எடுக்க வந்திருக்கிறார்கள். போசாக்குப் பற்றிக் கருத்து. குடிநீர் பற்றிக் கருத்து. நல்லிணக்கம் பற்றி, காலநிலை மாற்றம் பற்றி, ஜனநாயகத்தின் மீது உங்களுக்கு உள்ள நம்பிக்கை பற்றி. பல்கலைக்கழகம் வரும். அரசாங்கம் வரும். அரசு சாரா நிறுவனம் வரும். அந்த நிறுவனம் செய்த வேலை எப்படி என்று கேட்க இன்னொரு அரசு சாரா நிறுவனம் வரும். எல்லோர் கையிலும் முதலில் ஒரு சம்மதத் தாள் இருக்கும். நீங்கள் சுயவிருப்பத்தின் பேரில் பதில் சொல்கிறீர்கள், விரும்பினால் எந்த நேரத்திலும் எழுந்து போய்விடலாம் என்று வாசித்துக் காட்டுவார்கள். எங்கே போவது? அவள் உட்கார்ந்திருப்பது அவளுடைய காம்பரா இஸ்தோப்பில்.

நேரம் பார்த்துத்தான் வருவார்கள். பின்னேரம் ஐந்து மணி. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்புப் படங்கை அவிழ்த்து உதறி, பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வந்து சேரும் நேரம். அடுப்பு இன்னும் பற்றவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். கேள்வி கேட்க டெப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கும் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். பட்டம் முடித்து வேலை கிடைக்காமல், படிவத்துக்கு இத்தனை ரூபா என்ற கணக்கில் இந்த மழைக்குள் ஏறி வந்திருக்கிற பாவப்பட்ட பிள்ளை.

“உங்கள் பிரதேசத்தில் கிடைக்கும் அரச சேவைகள் குறித்து எந்தளவுக்குத் திருப்தியடைகிறீங்க அம்மா? ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் ஒரு இலக்கம் சொல்லுங்க.”

“எந்த சேவை மிஸ்?”

“பொதுவா.”

“பொதுவான்னா? ஆஸ்பத்திரியா, ரோட்டா?”

“எல்லாம் சேர்த்து அம்மா.”

அவள் லயத்தின் கோடியைப் பார்க்கிறாள். அங்கே தோட்டத் தலைவர் வெற்றிலையைக் குதப்பியபடி நிற்கிறார். அவருக்கு இந்தப் பக்கம் வேலை ஒன்றும் இல்லை. அதனால்தான் நிற்கிறார்.

“மூணு போட்டுக்குங்க மிஸ்.”

மூன்று என்பது எங்கள் மக்களின் பெரிய கண்டுபிடிப்பு. ஐந்து என்றால் இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். வருகிற கூரைத் தகரமும் வராது. ஒன்று என்றால் தலைவர் காதில் விழும். தலைவர் காதில் விழுந்தது நாளை ஒஃபீசில் விழும். மகளின் பேரைப் பதியச் சொல்லிக் கொடுத்த கடிதம் மேசைக்கு அடியில் போகும். மூன்று யாரையும் கடிக்காது. மூன்று என்று சொன்னால் அடுத்த கேள்வி சீக்கிரம் வரும். மொத்தம் 84 கேள்வி இருக்கிறதோ 120 இருக்கிறதோ, எல்லாவற்றுக்கும் மூன்று.

மாதங்கள் போன பிறகு கொழும்பில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஆங்கிலத்தில், வழவழ அட்டையில் அறிக்கை வெளியாகும். பெருந்தோட்டப் பெண்கள் அரச சேவைகள் குறித்து மிதமான திருப்தி கொண்டுள்ளனர். கைதட்டல். அதன் பிறகு தேநீர் இடைவேளை.

மக்கள் கணிப்பாளரிடம் உண்மையைச் சொல்வதில்லை என்பது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. பிரித்தானியாவே இதில் மூக்குடைபட்டிருக்கிறது. 1992 பொதுத் தேர்தலில் தொழிற்கட்சி முந்துகிறது, இல்லாவிட்டால் இழுபறி என்று கணிப்புகள் சத்தியம் பண்ணின. ஜோன் மேஜரின் பழமைவாதக் கட்சி ஏழு வீதத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது. பழமைவாதிக்கு வாக்குப் போடுகிறவர்கள் அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். 2015இல் மறுபடியும் விழுந்தார்கள். விசாரணைக் குழு போட்டார்கள். கேட்க வேண்டிய ஆட்களை விட்டுவிட்டு அகப்பட்ட ஆட்களைக் கேட்டிருக்கிறீர்கள் என்று குழு முகத்துக்கு நேரே எழுதிக் கொடுத்தது. கவனியுங்கள். அங்கே கணிப்பு தவறினால் விசாரணை. இங்கே தவறினால் இரண்டாம் கட்ட நிதி.

இலண்டனில் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பதில் சொல்கிறவனுக்கே கூச்சம் வருகிறது. இங்கே ஒரே கூரைக்குக் கீழ் ஒரு வரிசைக் குடும்பங்கள். நடுவில் நிற்கும் சுவர் பேச்சை மறைக்காது, இருமலைக்கூட மறைக்காது. முற்றத்தில் தலைவர். மேலே பங்களாவில் துரை. இந்த இடத்தில் நின்று “உங்கள் பதில்கள் இரகசியமாகப் பேணப்படும்” என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

ஒரு கணக்குப் போடலாம். கொழும்பின் வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் 2022 முதல் ‘தேசத்தின் மனநிலை’ என்ற கணிப்பை நடத்துகிறது. ஏறக்குறைய 1,000 பேரிடம் கேட்பார்கள். 2025 பெப்ரவரியில் அரசாங்கத்துக்கு 62 வீத அங்கீகாரம் என்று வந்தது. நாடு முழுவதற்கும் 1,000 போதும், புள்ளிவிபரவியல் அப்படித்தான். அதில் எனக்கு வழக்கு இல்லை. வழக்கு வேறு ஆட்களோடு. இப்படியான ஒரு தேசியக் கணிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “மலையகத்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்றால்” என்று தொலைக்காட்சியில் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி ஆரம்பிக்கிறார்களே, அவர்களோடு.

2024 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர், மலையகத் தமிழர் என்ற பெட்டிக்குள் விழுந்தவர்கள் 2.8 வீதம். 1,000 பேரில் 28 பேர். அந்த 28 பேருக்குள்தான் லிந்துலை இருக்க வேண்டும், அக்கரப்பத்தனை இருக்க வேண்டும், பொகவந்தலாவ, பதுளை, தெனியாய இருக்க வேண்டும், வெள்ளவத்தைக் கடையில் சாமான் நிறுக்கும் பொடியனும் இருக்க வேண்டும். 28 பேரை வைத்து எடுத்த வீதத்துக்கு ஏறத்தாழ 19 புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பிழைக்கும். பாதிப்பேர் ‘ஆம்’ என்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் அது 31 வீதமாக இருக்கலாம், 69 வீதமாகவும் இருக்கலாம். சாத்திரம் பார்க்கிறவர்கூட இதைவிடக் கிட்ட வருவார். அவருக்குத் தசமப் புள்ளி போடத் தெரியாது, அதுதான் குறை.

தொலைக்காட்சிக்காரர்களின் கணிப்பு எங்கே நின்றது என்று 2024 காட்டியது. செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் சஜித் முதலிடம், ரணில் இரண்டாமிடம், அநுர மூன்றாமிடம். பார்த்தீர்களா, தோட்ட வாக்கு தலைவர்களின் சட்டைப் பையில் இருக்கிறது என்றார்கள். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் வந்தது. எட்டு வாரத்துக்குள். அதே மாவட்டத்தில் அநுரவின் தேசிய மக்கள் சக்தி முதலிடம், எட்டு ஆசனத்தில் ஐந்து. சட்டைப் பையில் ஓட்டை. எட்டு வாரத்துக்குள் இப்படிப் புரளக்கூடிய ஒரு சனத்தின் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று யாருக்காவது உண்மையிலேயே அறிய ஆசை இருந்திருந்தால் அடுத்த நாளே லயத்துக்கு ஓடி வந்திருக்க வேண்டும். ஓடி வந்தவர்கள் இரும்புச்சத்து மாத்திரை பற்றிக் கருத்துக் கேட்டார்கள்.

முகநூலில் எடுக்கிற கணிப்பை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜெஸ்ட் சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 23 இலட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். கார் வைத்திருந்தவர்கள், வீட்டில் தொலைபேசி வைத்திருந்தவர்கள் என்று பட்டியல் போட்டுத்தான் சஞ்சிகை அட்டை அனுப்பியிருந்தது. இரண்டு வருடத்தில் சஞ்சிகையும் போனது. நம் ஊர் முகநூல் கணிப்பாளர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. பக்கத்தின் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த தேர்தலுக்கு வந்துவிடுவார்கள்.

இனி கேள்விக்கு வருவோம். பிபிசியில் 1986இல் ‘யெஸ், பிரைம் மினிஸ்டர்’ நகைச்சுவைத் தொடரில் ஒரு காட்சி உண்டு. மூத்த அதிகாரி ஒருவர் இளைய அதிகாரிக்குக் கணிப்பின் தொழில் இரகசியத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். கட்டாய இராணுவ சேவை வேண்டுமா என்பதுதான் விஷயம். முதல் தடவை சில கேள்விகளை ஒரு வரிசையில் கேட்கிறார், இளையவர் வேண்டும் என்கிறார். மறு தடவை வேறு கேள்விகளை வேறு வரிசையில் கேட்கிறார், அதே இளையவர் வேண்டாம் என்கிறார். பிரித்தானியர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் பெருந்தோட்டத் துறையில் அது பாடநூல்.

எப்படி என்று நானே செய்து காட்டுகிறேன். தேயிலைக்கு உலகச் சந்தையில் போட்டி அதிகரித்திருப்பது தெரியுமா? உங்கள் தோட்டம் நட்டத்தில் மூடப்பட்டால் கவலைப்படுவீர்களா? கூடுதலாக உழைக்கிறவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது நியாயம்தானே? அப்படியானால் உற்பத்திக்கு ஏற்ற சம்பள முறையை ஆதரிக்கிறீர்களா? யார் இல்லை என்பார்கள்?

இப்போது மறுபக்கம். மழையில் கொழுந்து குறைந்து கிலோ முடியாமல் உங்களுக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்திருக்கிறதா? மலையில் புல் மண்டிக் கிடக்கும்போது கிலோ முடிப்பது கஷ்டமா? மருந்தும் உரமும் போடாமல் மலையைக் காடாக விட்டது நீங்களா, கம்பனியா? அப்படியானால் கொழுந்து இல்லாத குற்றத்துக்கு உங்கள் சம்பளத்தை வெட்டும் முறையை ஆதரிக்கிறீர்களா?

அதே பெண். அதே சம்பள முறை. முதல் படிவத்தை அச்சடிக்க ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது. இரண்டாவது படிவத்தை இதுவரை நான் கண்டதில்லை.

வறுமையைக் கண்டுபிடிக்க வருகிறவர்கள் தனிச் சாதி. குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: நகரம், கிராமம், பெருந்தோட்டம். நாங்கள் நகரத்திலும் சேர்த்தி இல்லை, கிராமத்திலும் சேர்த்தி இல்லை. 2016 வீட்டு வருமான செலவின ஆய்வின்படி தோட்டத்தில் வறியோர் 8.8 வீதம். 2019இல் 33.8 வீதம். மூன்று வருடத்தில் குடிமுழுகிவிட்டதா? இல்லை. வறுமைக்கோட்டைப் புதிதாகக் கீறினார்கள். நாங்கள் அதே இடத்தில் அதே ரொட்டியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், கோடு எங்கள் தலைக்கு மேலே ஏறிப் போனது. நாடளாவிய வீதம் 14.3. பொருளாதாரம் சரிந்த பிறகு லேர்ன்ஏசியா 2023இல் எடுத்த ஆய்வில் தோட்ட மக்களில் பாதிக்கு மேல் வறியோர். ஒவ்வொரு ஆய்வின் முடிவிலும் ஒரே கண்டுபிடிப்பு: பெருந்தோட்டத்தில்தான் வறுமை அதிகம். ஒவ்வொரு ஆய்வின் கடைசிப் பக்கத்திலும் ஒரே சிபாரிசு: இது குறித்து மேலும் ஆய்வுகள் தேவை.

கண்டுபிடித்தாயிற்று, இனியாவது காசு வருமென்று பார்த்தால் 2023இல் அஸ்வெசும நிவாரணத் திட்டம் வந்தது. 22 சுட்டிகள் வைத்து ஏழையை எடைபோட்டார்கள். கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு என்று எல்லாவற்றுக்கும் புள்ளி. நாடு முழுவதிலுமிருந்து மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. தோட்டத்தில் பிரச்சினை மேன்முறையீட்டுக்கு முன்னமே ஆரம்பித்துவிடும். எந்தப் படிவத்திலும் ஒரு கேள்வி இருக்கும். நீங்கள் குடியிருக்கும் வீடு சொந்தமா, வாடகையா? சொந்தம் என்று எழுத உறுதி இல்லை. வாடகை என்று எழுதப் பற்றுச்சீட்டு இல்லை. வேலைக்குப் போகிறவரை இருக்கலாம், போகாவிட்டால் வெளியே போ என்ற உறவுக்குப் பெட்டி இல்லை. ஆகவே ‘வேறு’ என்ற பெட்டியில் புள்ளடி. இருநூறு வருடமாக நாங்கள் ‘வேறு’. 2025 நவம்பரில் திட்வா புயல் மலையைச் சரித்துக்கொண்டு போனபோதும் படிவம் வந்தது. மண்ணுக்குள் போன காம்பராவின் உரிமையாளர் யார் என்று கேட்டது.

சரி. இத்தனை கேள்வி கேட்கிறவர்கள் எப்போது கேட்கவில்லை என்று பாருங்கள். அங்கேதான் சூட்சுமம்.

1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தலவாக்கலை அனுப்பியது சி.வி. வேலுப்பிள்ளையை. தோட்டத் தொழிலாளியின் பாட்டை எழுதிய கவிஞரைத் தோட்டத் தொழிலாளியே தெரிவுசெய்தான். அது கருத்து. மறு வருடமே பதில் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அதற்கடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு இலக்கம் சொல்லுங்கள் என்று அன்றைக்கு யாரும் டெப்போடு மலையேறி வரவில்லை.

1964 ஒக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்களாகிப்போன எங்கள் ஆட்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்குபோட. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மீதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம். பிறகு பார்த்தார்கள். 1974இல் சிறிமாவும் இந்திராவும் அந்த ஒன்றரை இலட்சத்தைச் சரிபாதியாக வெட்டிக்கொண்டார்கள், ஆளுக்கு 75 ஆயிரம். கொழுந்தை நிறுக்கும்போதாவது தண்ணீருக்கென்று ஒரு கழிவு உண்டு. இங்கே கழிவும் இல்லை, கச்சிதமான பாதி.

1964 ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. விண்ணப்பம் கேட்டார்கள். எந்த நாடு வேண்டும், எழுதிக் கொடு. மலையக வரலாற்றிலேயே எங்கள் மக்களிடம் நேரடியாகக் கேட்கப்பட்ட ஒரே பெரிய கேள்வி அதுதான். மாதிரி எடுக்கவில்லை, வழு இல்லை, நடுவில் மூன்று போட வழி இல்லை. மக்கள் பதில் எழுதினார்கள். இலங்கைக் குடியுரிமை கேட்டு வந்தவர்களின் தொகை ஒதுக்கி வைத்திருந்த 3 இலட்சத்தைப்போல இரு மடங்குக்கும் மேல். இந்த மண்தான் எங்கள் மண் என்று, தமக்கு வாக்கு இல்லாத ஒரு நாட்டைப் பார்த்து, ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துச் சொன்னார்கள். இதைவிடத் தெளிவான கருத்தை எந்தக் கணிப்பு நிறுவனம் எந்தக் காலத்தில் எடுத்திருக்கிறது? அரசாங்கங்கள் அந்தப் பதிலை வாசித்தன. பிறகு எண்ணிக்கைப் பட்டியலை எடுத்துப் பார்த்தன. 3 இலட்சம் நிரம்பிவிட்டது. தலைமன்னாருக்கு ரயில் விட்டார்கள். தங்கைக்கு இலங்கை, அக்காவுக்கு இந்தியா. ஹட்டன் ரயில் நிலையத்தில் அழுதவர்களின் திருப்தியை ஒன்றிலிருந்து ஐந்து வரை யாரும் அளக்கவில்லை.

சம்பளத்துக்கும் அதே மரியாதைதான். கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலமெல்லாம் முதலாளிமார் சம்மேளனமும் சில தொழிற்சங்கங்களும் கொழும்பில் அறைக்குள் உட்கார்ந்தன. நாளுக்கு 1000 ரூபா கேட்டு மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 என்று கையெழுத்தானது. 1000 வந்து சேர்ந்தது 2021இல். அடுத்த வருடமே ரூபா விழுந்தது, ஆயிரத்தின் கனமும் விழுந்தது. 2024இல் 1700 என்று மே தினத்தை ஒட்டி வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. முடிவில் அடிப்படை 1350 ஆனது. இத்தனை இழுபறியில் ஒரு தடவையாவது, ‘இந்தத் தொகைக்குச் சம்மதமா, இல்லையா’ என்று கொழுந்து பறிக்கிறவளிடம் ஒரு துண்டுத் தாள் நீட்டியிருக்கலாம். பிரித்தானியாவில் வேலைநிறுத்தத்துக்கு முன் உறுப்பினரிடம் சங்கங்கள் இரகசிய வாக்கெடுப்பு எடுக்க வேண்டும் என்று 1984இலிருந்து சட்டம். கொண்டுவந்தவர் மார்கரெட் தட்சர். தொழிலாளிக்கு அவர் செய்த நன்மை எதையும் நான் கேள்விப்பட்டதில்லை, சங்கத்தை மடக்கத்தான் அதைக் கொண்டுவந்தார். அப்படியிருந்தும் உறுப்பினரின் கையில் ஒரு தாள் வந்து சேர்ந்தது. எங்கள் பெண்ணின் கையில் மாதா மாதம் சம்பளச் சிட்டை வருகிறது. சந்தா வெட்டியிருக்கும்.

ஒரு தடவை நாட்டிடமே கேட்டார்கள். 1982 டிசம்பர் 22. சர்வசன வாக்கெடுப்பு. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். ஜே.ஆர். ஜயவர்தன கேட்ட கேள்வியின் சாரம் இவ்வளவுதான்: தேர்தல் வைக்காமல் இதே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் ஓட்டலாமா? மக்களின் கருத்தைக் கேட்காதிருப்பதற்கு மக்களின் கருத்தைக் கேட்டார்கள். விளக்கு வென்றது, 54 வீதத்துக்கு மேல். அதற்கடுத்த ஆறு வருடம் நாட்டில் எரிந்தது என்னென்ன என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்தவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். தேர்தலைத் தள்ளிப்போட மக்களிடம் அனுமதி கேட்கிற சம்பிரதாயத்தையும் விட்டுவிட்டார்கள்.

2023 மார்ச் 9 உள்ளூராட்சித் தேர்தல் நடக்க வேண்டிய நாள். தலவாக்கலை–லிந்துலை நகர சபைக்கும் சேர்த்துத்தான். சுவரொட்டி ஒட்டியாயிற்று. காசு இல்லை என்றார்கள். திறைசேரியில் வாக்குச்சீட்டு அச்சடிக்கப் பணம் இல்லை. அதே வருடம் மலையகம் 200 என்று விழா எடுக்க மேடை இருந்தது, மைக் இருந்தது, மாலை இருந்தது. மலையகத்தவரின் அபிலாஷைகள் என்ன என்று ஆராயக் கருத்தரங்கு மண்டபங்கள் நிரம்பின. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாக்குப்பெட்டி வந்து சேர 2025 மே 6 ஆனது.

உள்ளூராட்சியாவது வந்தது. மத்திய மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்குப் போட்டது 2013 செப்டெம்பர் 21. அன்று தாயின் இடுப்பில் இருந்துகொண்டு வாக்குச்சாவடியை வேடிக்கை பார்த்த பிள்ளை இப்போது ஓ.எல். வகுப்பை எட்டிப் பார்க்கிறது. 2018 ஒக்டோபரோடு சபையின் காலம் முடிந்தது. எங்கள் பிள்ளைகளின் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றைப் பார்க்க வேண்டியது அந்தச் சபை. கிராமத்து வைத்தியசாலையைப் பார்க்க வேண்டியதும் அதுதான். அன்றிலிருந்து ஆளுநர் வருகிறார், ஆளுநர் போகிறார். மாகாணக் கல்வியில் உங்கள் திருப்தி எவ்வளவு என்று கேட்கும் பிள்ளைகள் மட்டும் தவறாமல் வருகிறார்கள்.

தேர்தல் ஏன் நின்றது என்ற கதை கற்பனைக்கு எட்டாதது. முதலில் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் போட்டார்கள். புதிய முறைக்கு எல்லை பிரிக்க ஒரு குழு வைத்தார்கள். குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து அறிக்கை எழுதியது. 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் அதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். எதிராக 139. ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எழுந்து எதிர்த்து வாக்களித்தார். பழைய முறைக்கும் திரும்பவில்லை, புதிய முறையும் வரவில்லை, தேர்தல் அந்தரத்தில் நின்றது. அரிசி விலைக்கு ஒன்றுசேராதவர்கள், சம்பளத்துக்கு ஒன்றுசேராதவர்கள், யுத்தத்துக்கும் சமாதானத்துக்கும் ஒன்றுசேராதவர்கள், அன்றைக்கு ஆளும் கட்சி எதிர்க்கட்சி பேதமின்றி ஒருமனதாகத் தங்கள் கருத்தைப் பதிவுசெய்தார்கள்: மக்களின் கருத்தை இப்போதைக்குக் கேட்க வேண்டியதில்லை.